பசையம் இல்லாதது

குளூட்டன் என்ற சொல் எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே அந்தப் பொருள் எங்கள் கைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. எண்பதுகளில் சிவகாசிப் பக்கம் வளர்ந்த என் வயதுப் பெண்களுக்கு மைதா என்றதும் புரோட்டா நினைவுக்கு வராது. பசைதான் வரும். தீப்பெட்டி ஆபீசிலிருந்து பெட்டி செய்யும் மரச்சீவலும் தாளும் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். அம்மா ஒரு பழைய அலுமினியச் சட்டியில் மைதாவைக் கரைத்துக் காய்ச்சுவாள். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போடுவாள். பிள்ளைகள் வாயில் வைத்துவிடாமல் இருக்கவும்தான் அது என்பாள். பசியில் பசையை நக்கிய பிள்ளைகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி. பள்ளிக்கூடம் போகும்போது விரலிடுக்கில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே போவோம்.

லத்தீனில் குளூட்டன் என்றால் பசை என்றே பொருள். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோஞா நகரத்துப் பெக்காரி என்பவர் கோதுமை மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி அலசிப் பார்த்தார். மாவுச்சத்து கரைந்து போனபின் இழுவையாக ஒன்று மிஞ்சியது. அதுதான் இது. விருதுநகர் புரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசிக் கண்ணாடித்தாள் போல விரிக்கிறாரே, கிழியாமல் தாங்குவதும் இதுவேதான். தமிழில் பசையம் என்று ஆக்கியிருக்கிறார்கள். கலைச்சொற்களில் பாதி நாக்கில் நிற்காது. இது நிற்கிறது.

இப்போது எங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் பசையம் இல்லாத பொருள்களுக்கென்று தனி அலமாரி இருக்கிறது. பிஸ்கட், ரொட்டி மாவு, நூடுல்ஸ், கேக் மாவு. சாதாரணப் பொருளைவிட மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலை. அந்த அலமாரிக்கு முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளைக்காக, சுகர்கார மாமனாருக்காக, தனக்காக. தனக்காக வாங்குகிறவள் பாக்கெட்டை இரண்டு மூன்று தடவை எடுத்து எடுத்து வைக்கிறாள். அதைப் பார்த்ததால்தான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன்.

வகுப்பிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. சிலப்பதிகாரத்தில் வள்ளைப்பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். உலக்கை போடும் பெண்கள் பாடுவது. என்ன தானியத்தை இடித்திருப்பார்கள் என்று பேச்சு போனபோது பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அம்மா, அவங்கல்லாம் குளூட்டன் ஃப்ரீதானே? அதான் ஆரோக்கியமா இருந்திருப்பாங்க." வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. பிசிஓடி என்று சொல்லியிருக்கிறார்கள். ஏதோ வீடியோவைப் பார்த்துக் கோதுமையை விட்டிருக்கிறாள். விடுதிச் சாப்பாட்டில் சப்பாத்தி போடும் இரவுகளில் பட்டினி.

அந்தப் பெண்ணுக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். சீலியாக் என்று ஒரு நோய் இருக்கிறது. அது உள்ளவர்கள் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள பசையத்தைச் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சத்து உறிஞ்சப்படாமல் போகும். டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர் கோதுமைதான் காரணம் என்று 1950இல் தன் ஆய்வேட்டில் எழுதினார். அதற்கு இன்றுவரை உள்ள மருத்துவம் பசையத்தை முழுவதுமாக, ஆயுளுக்கும் விடுவது. அவர்களுக்கு அந்த அலமாரி மருந்துக் கடை. மற்றவர்களுக்கு அது என்ன என்பதுதான் கேள்வி.

நம் பக்கம் அந்த நோய் எவ்வளவு? 2016இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10 சதவீதம். உடனே தமிழ் ரத்தத்தின் பெருமை பேச வேண்டாம். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம். அதாவது நாம் பெரும்பாலும் பசையம் இல்லாமல்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், லேபிள் இல்லாமல். இட்லி, தோசை, ஆப்பம், பணியாரம், உளுந்தங்களி, கேப்பைக்கூழ். கடலைமாவும் அரிசிமாவும் சேர்ந்த சாத்தூர்க் காராச்சேவு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. ஒன்றிலும் கோதுமை இல்லை. பால்கோவாவைத் தின்றால் உடம்பு இளைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதே கணக்குத்தான் பாக்கெட்டில் இருக்கும் கேக்குக்கும்.

என் சித்தி மகளின் கதையை அவள் அனுமதியோடு எழுதுகிறேன். அவளுக்கு முப்பத்தேழு வயது. ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறாள். ஆடியில் தொடங்கித் தீபாவளி தாண்டி காலண்டர் சீசன் முடியும்வரை ஓயாத வேலை. இரண்டு வருடமாகச் சோர்வு, மூச்சு வாங்கல், வயிறு உப்பிசம். அலுவலகத்தில் ஒருத்தி சொன்னாள், பிறகு ஒரு யூடியூப் ஆசாமி சொன்னார்: எல்லாம் குளூட்டன். விட்டுவிட்டாள். வீட்டில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சப்பாத்தி தேய்த்துப் போட்டுவிட்டு, தனக்கு மட்டும் அந்த அலமாரிப் பொருள். சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு அதற்கே போனது. "உனக்குன்னு தனியா சீமைச் சாப்பாடு கேக்குதாக்கும்" என்று மாமியார் சொன்னதையும் பொறுத்துக்கொண்டாள். ஆறு மாதம் அப்படி. இடையில் செவ்வாய், வெள்ளிக் காலைகளில் ரவை உப்புமா சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். ரவை கோதுமைதான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சேமியாவும் அப்படித்தான்.

உடம்பு தேறவில்லை. பொங்கலுக்கு வந்தவள் மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் கேட்டேன்: "தூரம் எப்படிடி இருக்கு? எத்தன நாளு?" அவள் அம்மாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒம்பது நாளு, பத்து நாளு போகும்க்கா. கட்டி கட்டியா. அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறதுதான?"

ஹீமோகுளோபின் 6.8. ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி. வயிறு உப்பியதற்கும் மூச்சு வாங்கியதற்கும் காரணம் ஒரே பரிசோதனையில் திரையில் தெரிந்தது. மருத்துவர் பொறுமையான பெண்மணி. சீலியாக்கையும் விட்டுவிடக் கூடாது என்றார். எவ்வளவு இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் ஏறாத ரத்தசோகை சில பேருக்கு அந்த நோயின் ஒரே அறிகுறியாக இருக்கும். ஆனால் பசையத்தை விட்டிருந்தால் ரத்தப் பரிசோதனை பொய் சொல்லும். எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். ஆகவே ஆறு வாரம் தினமும் சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். சாப்பிட்டாள். நோய் இல்லை.

இரண்டு வருடம். சோர்வு என்று அவள் சொன்னபோது வீட்டில் வேலைக்குப் போவதை விடச் சொன்னார்கள். வேறு ஒரு மருந்துக் கடையில் சத்து டானிக் கொடுத்தார்கள். குளூட்டன் என்று சொன்னார்கள். எத்தனை நாப்கின் மாற்றுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் குளூட்டனைப் பற்றிப் பேசலாம். மாமனார் இருக்கும்போதும் பேசலாம், பேசினால் விஷயம் தெரிந்தவள் என்ற பெயரும் கிடைக்கும். உதிரத்தைப் பற்றிப் பேச அந்த வீட்டில் மேசை இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். பயராபீசில் நாள் முழுவதும் உட்கார்ந்து திரி வைக்கிறவள், சரம் பின்னுகிறவள், அச்சகத்தில் தாள் மடிக்கிறவள், விரிவுரை எடுக்கிறவள், எல்லோரும் இந்தக் கணக்கில் இருக்கிறோம். இந்தச் சோர்வுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று தவிக்கிறவளிடம் சந்தை ஒரு பெயரையும் கூடவே பாக்கெட்டையும் நீட்டுகிறது. சந்தைக்கு அவளுடைய சோர்வு தெரிந்திருக்கிறது, வீட்டுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

"ஆனால் கோதுமையை விட்டதும் எனக்கு நிஜமாகவே வயிறு லேசாக இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். அதைக் கற்பனை என்று தள்ளுகிற ஆள் நான் இல்லை. பெண்களின் வயிற்று வலியைக் கற்பனை என்று தள்ளிய வரலாறு போதும். ஆனால் காரணம் பசையமாக இல்லாமலும் இருக்கலாம். கோதுமையில் பசையம் மட்டும் இல்லை. ஃபிரக்டான் என்ற மாவுப்பொருளும் இருக்கிறது, சிலருடைய குடலில் அது செரிக்காமல் நொதித்து வாயுவாகும். நார்வேயில், சீலியாக் இல்லாமலே பசையத்தை விட்டிருந்த 59 பேருக்கு என்ன கொடுக்கிறோம் என்று சொல்லாமல் பசையமும் ஃபிரக்டானும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். தொந்தரவு அதிகம் தந்தது ஃபிரக்டான். சிறிய ஆய்வுதான். ஆனாலும் யோசிக்க வைக்கிறது, ஏனென்றால் ஃபிரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும் தாராளமாக இருக்கிறது. சின்ன வெங்காயத்தை அள்ளிப்போட்டு வதக்காமல் எங்கள் ஊரில் எந்தக் குழம்பு கொதிக்கிறது? பசையம் இல்லாத நூடுல்ஸில் பூண்டு மசாலாவைக் கொட்டிக் கிளறிச் சாப்பிட்டுவிட்டு, வயிறு ஏன் இன்னும் ஊதுகிறது என்று கேட்டால் நூடுல்ஸ் என்ன செய்யும்?

பிசிஓடிக்கும் இந்த உணவுதான் வேண்டும் என்று எந்த நெறிமுறையும் ஒற்றை உணவுமுறையைச் சுட்டவில்லை. இதயத்துக்கு நல்லது என்பதும் நிற்கவில்லை: அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண், பெண் மருத்துவப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்ட முடிவில் பசையத்துக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இல்லை. முழுத்தானியத்தை விட்டுவிடுவதால் நட்டம் வரலாம் என்றே எச்சரித்தார்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அரிசிமாவு, மக்காச்சோள ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச், சர்க்கரை, பாமாயில். நார்ச்சத்து குறைவு, புரதம் குறைவு. மரவள்ளி மாவிலும் இங்கே பசை காய்ச்சுவார்கள். பசையம் இல்லை என்று விற்பதிலும் பசை மாவுதான் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "துட்டக் குடுத்தா வாங்குறாக?" என்று மட்டும் கேட்டாள்.

அதே அலமாரியின் கீழ்த்தட்டில் எங்கள் கரிசல் காட்டுத் தானியங்கள் இருக்கின்றன. குதிரைவாலி, கம்பு, சோளம், தினை, வரகு. விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரி நிலத்தில் குதிரைவாலி இன்றும் விளைகிறது. அதன்மேலும் பசையம் இல்லாதது என்று அச்சிட்டிருக்கிறார்கள், தண்ணீர்ப் பாட்டிலில் கொழுப்பு இல்லாதது என்று எழுதுவதைப் போல. மட்டத் தானியம், புன்செய்த் தானியம் என்று இவற்றைத் தள்ளிவைத்திருந்த நாட்டில் 2018இல் அரசு இவற்றுக்குச் சத்துத் தானியம் என்று பெயர் மாற்றியது. 2023 பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டு ஆனது. நல்லதுதான். ஆனால் எங்கள் கல்லூரி உணவுத் திருவிழாவில் ஆளாளுக்குப் பாட்டி கைப்பக்குவம் என்று மேடையில் உருகியபோது எனக்கு அம்மாச்சியின் உள்ளங்கைதான் தெரிந்தது. காய்ப்பு ஏறிய கை.

கம்பைத் தண்ணீர் தெளித்துக் குத்த வேண்டும். புடைக்க வேண்டும். மறுபடி குத்த வேண்டும். மாவாக்கினால் சில நாளில் கசந்துவிடும், ஆகவே சேர்த்து வைக்க முடியாது. குதிரைவாலியின் உமி இன்னும் பிடிவாதம். விடிவதற்கு முன்னால் உரலில் தொடங்கி, காட்டு வேலைக்குப் போய்வந்து, மறுபடி உரல். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். ரேஷன் அரிசி வந்தபோது அம்மாச்சி வீட்டு உரல் வாசலுக்கு வந்தது, ஆடு தண்ணீர் குடிக்க. பிறகு ரேஷனில் கோதுமையும் வந்தது. அந்த வெள்ளை அரிசியில் சத்து இல்லை என்று இன்றைக்கு நாம் பேசலாம். அவளுக்கு அதில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் இருந்தது. சிறுதானியத்துக்குத் திரும்புவோம் என்று ஆண்கள் மேடையில் பேசும்போதெல்லாம் நான் அம்மாவைப் பார்ப்பேன். அவள் சொல்வது ஒன்றுதான்: "திரும்பட்டும். உலக்கைய யாரு தூக்குறான்னு கேளு."

இப்போது மில்லில் உமி நீக்கித் தருகிறார்கள். உலக்கை வேண்டாம். எனக்குக் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் பிடிக்கும், மாதம் நாலு தடவை சமைக்கிறேன். நார்ச்சத்துக்காகவும் ருசிக்காகவும். பளபளவென்று தீட்டிய வெள்ளை வேண்டாம், தவிடு கொஞ்சம் ஒட்டிய பழுப்பு நிறமாகப் பார்த்து, சந்தையில் உதிரியாக வாங்குகிறேன். லேபிளுக்குத் தனியாகக் காசு கொடுப்பதில்லை.

லேபிளுக்குக் காசு கொடுத்தே தீர வேண்டிய ஒருத்தியும் எங்கள் தெருவில் இருக்கிறாள். வியாபாரத்துக்காக வந்து தங்கிவிட்ட ராஜஸ்தான் குடும்பத்து மருமகள். அவளுடைய ஆறு வயது மகனுக்குச் சீலியாக். அவளோடு பழகிய பிறகுதான் பசையம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது. சாம்பாரில் போடுகிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ஓட்டலில் புரோட்டா போட்ட கல்லிலேயே தோசை ஊற்றுவார்கள். மாவு மில்லில் முந்தின ஆளின் கோதுமையை அரைத்த இயந்திரத்தில் உங்கள் கேப்பையைக் கொட்டுவார்கள். கேப்பையில் பசையம் கிடையாது, மில்லில் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் பசையம் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த 20 மில்லிகிராம் அவளுக்கு வாழ்வா சாவா என்பது போல. அவள் கல்யாண வீட்டுக்கு மகனுக்கென்று தனி டப்பா கொண்டுபோவாள். முன்பெல்லாம், "அதுல கோதுமை இருக்கா?" என்று கேட்டால் சமையல்காரர் நின்று யோசித்துப் பதில் சொல்வாராம். இப்போது, "நீங்களும் டயட்டாம்மா?" என்று சிரித்துவிட்டுப் பரிமாறுகிறாராம். தேவையில்லாமல் வாங்குகிறவர்களால் கடைகளில் பொருள் கூடியிருக்கிறது, அதில் அவளுக்கு லாபம். அவள் கேள்விக்கு இருந்த மரியாதை போய்விட்டது, அது நட்டம். எது பெரிது என்று அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்டேன். "பதில்தான் வேணும் தீதி, பிஸ்கட் நானே சுட்டுக்குவேன்" என்றாள்.

சித்தி மகள் இப்போது இரும்புச்சத்து ஊசி போட்டு, கட்டிக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று ஓர் இடத்தில் அவசரப்படுத்தினார்கள், இன்னொரு மருத்துவரையும் கேட்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். அவள் அப்படி எழுந்து வந்ததைச் சொன்னபோது சித்திக்குக் கோபம், எனக்குச் சந்தோஷம்.

பின்வரிசை மாணவி போன வாரம் துறைக்கு வந்தாள். பரிசோதனைக்குச் சீட்டு எழுதி வாங்கியிருந்தாள். தைராய்டு, ஹீமோகுளோபின், சீலியாக் மூன்றும். அதற்கு முன்னால் ஆறு வாரம் கோதுமை சாப்பிட வேண்டும் என்று மருத்துவரும் சொல்லியிருக்கிறார்.

"தினமுமாம்மா?"

"தினமும்தான்."

"எங்க ஹாஸ்டல் சப்பாத்திய நீங்க பாத்ததில்லம்மா. அதுல கட்ட ஒட்டலாம்" என்றாள்.